பெயர் தெரிந்தவர்களும் பெயர் வைத்தவர்களும்

கடலில் தூண்டில் போடுகிறவனுக்குத் தங்கூசியின் மறுநுனியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இழுவையை வைத்து ஒரு கணக்குப் போடலாம். பாரை இப்படி இழுக்கும், திருக்கை இப்படி அழுந்திக் கிடக்கும், சுறா இப்படித் திமிறும் என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். ஆனால் வள்ளத்தின் விளிம்புக்கு மேலே தலை வரும்வரைக்கும் அது கணக்குத்தான். சில வேளைகளில், எந்தக் கணக்குக்குள்ளும் அடங்காத ஒன்று மேலே வந்துவிடுகிறது. அப்படி வந்தவற்றைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன். குறிப்பாக ஒரு மீனைப் பற்றி. அதைவிடக் குறிப்பாக, அந்த மீனைத் தூண்டிலில் பிடித்த மனிதரைப் பற்றி.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. "இனந்தெரியாத உயிரினம்" என்று பேப்பர்காரர்கள் எழுதுகிறார்களே, யாருக்கு இனந்தெரியாதது? பிடித்தவனுக்கா, எழுதியவனுக்கா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

1873ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம். கனடாவின் கிழக்குக் கரையில் நியூபவுண்ட்லாந்து (அப்போது அது பிரித்தானியாவின் தனிக் குடியேற்ற நாடு). போர்த்துகல் கோவ் என்ற மீனவக் கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தோணியில் போனவர்கள், தண்ணீரில் மிதந்த ஏதோ ஒன்றைக் கொக்கித்தடியால் குத்திப் பார்த்தார்கள். அது திரும்பித் தோணியைக் கட்டிப்பிடித்தது. தோணியில் இருந்த தொம் பிக்கொற் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் கோடாலியை எடுத்து அதன் கைகளை வெட்டினான். வெட்டுப்பட்ட துண்டு மட்டுமே 19 அடி. அதை மோசஸ் ஹார்வி என்ற பாதிரியார் வாங்கினார். அடுத்த சில கிழமைகளில் வேறு மீனவர்களின் வலையில் ஒரு முழு உடலே விழ, அதையும் 10 டொலருக்கு வாங்கி, தன் வீட்டுக் குளியலறையில் தொங்கவிட்டுப் படம் எடுத்தார். இராட்சதக் கணவாய் கட்டுக்கதை அல்ல என்று உலகம் நம்பியது அந்தப் படத்துக்குப் பிறகுதான். அந்தக் கணவாய்க்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரில் "ஹார்வி" வந்தது. "பிக்கொற்" வரவில்லை. கோடாலி பிடித்த பையனின் பெயர் எந்த மிருகத்துக்கும் வைக்கப்படவில்லை.

இன்னொன்று. 2007ஆம் ஆண்டு அந்தாட்டிக்காவின் றொஸ் கடலில், நியூசிலாந்துக் கப்பல் ஒன்று ஆயிரக்கணக்கான தூண்டில் கோர்த்த நீண்ட கயிற்றைப் போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தது. தூண்டிலில் மாட்டிய மீனைத் தின்று கொண்டே மேலே வந்தது ஒரு கணவாய். எடை 495 கிலோ! இந்த இனத்தைப் பற்றி உலகத்துக்கு முதலில் தெரிய வந்தது 1925இல், ஒரு திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் கிடந்த இரண்டு கைத்துண்டுகளால். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட முழுதாகக் கிடைத்த பெரிய உடல் இதுதான். இப்போது வெலிங்ரன் நூதனசாலையில் இருக்கிறது.

இவை இரண்டும் தோரணவாயில்தான். என் கதை கொமோரோஸ் தீவுகளில்.

ஆனால் கொமோரோசுக்குப் போவதற்கு முன் தென்னாபிரிக்காவுக்குப் போகவேண்டும். 1938 டிசெம்பர் 22, நத்தாருக்கு மூன்று நாள் முன்பு. ஈஸ்ற் லண்டன் என்ற துறைமுக நகரம். 'நெரின்' என்ற இழுவைப்படகின் கப்டன் ஹென்றிக் கூசன், சலும்னா ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு வெளியே வலை இழுத்துவிட்டுக் கரைக்கு வந்தார். அந்த ஊரின் சின்ன நூதனசாலைக்குப் பொறுப்பாக இருந்தவர் மார்ஜரி கோட்னி லற்றிமர், 31 வயதுப் பெண். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் கிடையாது. தாதிப் படிப்புக்குப் போக இருந்தவர், பறவைகளிலும் கடற்சிப்பிகளிலும் இருந்த பைத்தியத்தால் இந்த வேலைக்கு வந்தவர். வித்தியாசமான மீன் எது வந்தாலும் தனக்குச் சொல்லும்படி கூசனிடம் சொல்லி வைத்திருந்தார். அன்று அவருக்கு வேலை தலைக்கு மேலே. போகாமலே விட்டிருப்பார். படகில் இருப்பவர்களுக்கு நத்தார் வாழ்த்தாவது சொல்லிவிட்டு வருவோம் என்றுதான் துறைமுகத்துக்குப் போனார்.

சுறாக்களும் சாதாரண மீன்களும் குவிந்து கிடந்த குவியலுக்குள் ஒரு நீலச் செட்டை தெரிந்தது. மேலே கிடந்தவற்றை விலக்கிப் பார்த்தார். ஐந்தடி நீளம். 57 கிலோவுக்கு மேல். ஊதா கலந்த நீலம், வெள்ளைப் புள்ளிகள். கவசம் மாதிரிக் கடினமான செதில். செட்டைகள் உடம்பில் இருந்து நேரே முளைக்காமல், சதைப்பிடிப்பான தண்டுகளில், கால் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு பகிடிக் கதை. ரக்ஸிக்காரர் நாற்ற மீனை ஏற்ற மாட்டேன் என்றார். சண்டை பிடித்து ஏற்றினார். நூதனசாலைச் சபையின் தலைவர் பார்த்துவிட்டு, இது வெறும் கலவாய் மீன் பிள்ளை என்ற தோரணையில் ஒதுக்கிவிட்டார். தென்னாபிரிக்காவில் டிசெம்பர் என்றால் கொதிக்கிற கோடை. குளிர்ப்பெட்டி தேடி ஆஸ்பத்திரிப் பிரேத அறைக்குப் போனார், இடமில்லை என்றார்கள். குளிர்களஞ்சியத்துக்குப் போனார், அங்கும் இல்லை. கடைசியில் மிருகங்களைப் பாடம் பண்ணுகிறவர் ஒருவரிடம் கொண்டுபோய், போர்மலினில் நனைத்த கட்டில் விரிப்பாலும் பழைய பேப்பராலும் சுற்றி வைத்தார். கையால் ஒரு படம் கீறி, கிறகம்ஸ்ரவுணில் இரசாயனவியல் விரிவுரையாளராக இருந்துகொண்டே மீன் ஆராய்ச்சி செய்த ஜே. எல். பி. சிமித் என்பவருக்குக் கடிதம் எழுதினார். அவரோ விடுமுறையில் வேறு ஊரில். கடிதம் கையில் கிடைத்தது 1939 ஜனவரி 3இல். எலும்புக்கூட்டையும் செவுள்களையும் கட்டாயம் பத்திரப்படுத்தும்படி உடனே தந்தி அடித்தார். அதற்குள் உள்ளுறுப்புகள் அழுகி, குப்பைக்குப் போய்விட்டன. தோலும் தலையும்தான் மிச்சம்.

பெப்ரவரி 16ஆம் திகதி சிமித் நேரே வந்து பார்த்தார். அது சீலகாந்த்.

சீலகாந்த் என்றால் என்ன? 1830களில் லூயி அகாசி என்ற சுவிஸ்காரர் கல்லில் பதிந்த எலும்புகளைப் பார்த்து வைத்த பெயர் அது. இந்த மீன்கூட்டத்தின் தடங்கள் 40 கோடி ஆண்டுப் பழைய பாறைகளில் இருந்து கிடைக்கின்றன. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் முடிந்துபோன காலத்தோடு, தடம் நின்றுபோகிறது. அத்தோடு அந்த வம்சமே அழிந்தது என்பதுதான் புத்தகத்தில் இருந்த முடிவு. அப்படிப்பட்ட மீன் நத்தாருக்கு முதல் கிழமை மீன்குவியலுக்குள் கிடக்கிறது! சிமித் அதற்கு லற்றிமரின் பெயரையும் ஆற்றின் பெயரையும் சேர்த்து 'லற்றிமேரியா சலும்னே' என்று பெயரிட்டார். 1939 மார்ச்சில் 'நேச்சர்' சஞ்சிகையில் செய்தி வந்தது.

ஒரு பெண், அதுவும் பட்டமில்லாதவர், தலைவர் "விடு பிள்ளை" என்று சொன்ன பிறகும் விடாமல் நின்றார். அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் அந்த மீன் யாரோ ஒருவருடைய நாய்க்குப் போயிருக்கும். அவருடைய பெயர் மீனுக்கு வைக்கப்பட்டது நியாயம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. (லற்றிமர் 2004இல், 97ஆவது வயதில் காலமானார்.)

ஆனால் சிமித்துக்குத் தூக்கம் போய்விட்டது. குடல் இல்லை, இதயம் இல்லை, மூளை இல்லை. இன்னொரு மீன் வேண்டும். இரண்டாம் உலகப்போர் இடையில் வந்து பல வருடங்களைத் தின்றது. போர் முடிந்த பிறகு ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துக்கேயம் என்று மூன்று மொழிகளில், மீனின் படத்துடன் துண்டுப்பிரசுரம் அடித்தார். இந்த மீனைக் கொண்டுவந்தால் 100 பவுண் பரிசு, வெட்ட வேண்டாம், சுத்தம் செய்ய வேண்டாம், முழுதாகக் கொண்டுபோய்ப் பொறுப்பானவரிடம் கொடுங்கள் என்பது சாரம். கிழக்கு ஆபிரிக்கக் கரை முழுவதும் அந்தக் கடதாசி போனது. மூன்று மொழிகளும் யாருடைய மொழிகள் என்று பாருங்கள். தூண்டில் போடுகிறவர்கள் பேசிய மொழி அதில் ஒன்றுகூட இல்லை.

14 வருடம் ஒன்றும் கிடைக்கவில்லை.

1952இல் சன்சிபாரில் சிமித் தம்பதியர் எரிக் ஹன்ற் என்ற கப்டனைச் சந்தித்தார்கள். பாய்க்கப்பலில் தீவு தீவாக வியாபாரம் செய்த ஆங்கிலேயர். அவர் ஒரு கட்டுப் பிரசுரங்களை வாங்கிக்கொண்டு கொமோரோசுக்குப் போனார்.

கொமோரோஸ் ஆபிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் நடுவில் இருக்கிற நான்கு எரிமலைத் தீவுகள். பெரிய கொமோர், மொஹேலி, அஞ்சுவான், மயோத். அந்தக் காலத்தில் நான்குமே பிரான்சின் கையில். எரிமலைத் தீவு என்பதால் கரையில் இருந்து கொஞ்சம் தள்ளினாலே கடல் செங்குத்தாக இறங்கிவிடும். நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்துக்குப் போக, நாள்முழுக்க ஓட வேண்டியதில்லை. சின்ன வள்ளத்தில் துடுப்புப் போட்டே போகலாம். 'கலாவா' என்பது அவர்களுடைய வள்ளம். மரத்தைக் குடைந்து, பக்கத்தில் மிதவை கட்டியது. ஒருவர் இருவர் போகலாம். இரவில், நிலவில்லாத நேரம் பார்த்து, நீளக் கயிற்றின் அடியில் கல்லைப் பாரமாகக் கட்டி, தூண்டிலை ஆழத்துக்கு இறக்குவார்கள். அவர்கள் தேடிப் போவது ஒருவகை எண்ணெய் மீன். அந்த மீனின் எண்ணெய் அவர்களுக்கு மருந்து. அது மாட்டும்போது, எப்போதாவது, வேறொன்றும் மாட்டும்.

1952 டிசெம்பர் 20ஆம் திகதி இரவு. அஞ்சுவான் தீவில் டொமோனி ஊருக்குப் பக்கத்துக் கடல். அஹமதி அப்துல்லா என்பவரின் தூண்டிலில் அப்படி ஒன்று மாட்டியது. மேலே இழுத்துத் தலையில் அடித்துக் கொன்றார். விடியச் சந்தைக்குக் கொண்டு வந்தார். வெட்டி விற்கப் போகிற நேரத்தில் உள்ளூர் ஆசிரியர் ஒருவர் கண்டு, நில் நில், இது கடதாசியில் இருக்கிற மீன் என்று தடுத்தார். (எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்தச் சந்தையில் அந்த நேரத்தில் நின்றது உலக விஞ்ஞானத்தின் அதிர்ஷ்டம்.) ஹன்றின் கப்பல் நின்றதோ தீவின் மறுபக்கத்தில், முற்சமுது துறைமுகத்தில். வெயிலுக்குள், மலைகளைத் தாண்டி, மீனைச் சுமந்துகொண்டு போனார்கள். அந்தச் சுமையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மீன் அப்போதே நாறத் தொடங்கியிருக்கும்.

ஹன்ற் அதற்கு உப்பிட்டார். பிறகு மயோத் தீவுக்குக் கொண்டுபோய்ப் போர்மலின் ஏற்றினார். சிமித்துக்குத் தந்தி பறந்தது. சிமித் அப்போது கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார், டேர்பன் துறைமுகத்தில். இந்தச் சூட்டில் மீன் தாங்காது, விமானம் வேண்டும். யாரைக் கேட்பது? தென்னாபிரிக்கப் பிரதமரையே கேட்டார்.

பிரதமர் யார் தெரியுமா? டி. எஃப். மலான். 1948இல் ஆட்சிக்கு வந்து நிறவெறியைச் சட்டம் சட்டமாக நாட்டின் கொள்கையாக்கிய அதே மலான். முன்னாளில் பாதிரியார். பரிணாமம் என்ற சொல்லே அவருடைய சபைக்குப் பிடிக்காது. ஆனாலும் சம்மதித்தார். நத்தார் விடுமுறைக்குள், ஒரு மீனுக்காக, இராணுவத்தின் டக்கோட்டா விமானம் புறப்பட்டது. டிசெம்பர் 29ஆம் திகதி மயோத்தில் இறங்கியது. பெட்டியைத் திறந்து மீனைப் பார்த்த சிமித் அழுதார். 14 வருடக் காத்திருப்பு.

அந்த அழுகையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு பொருளைத் தேடி வயதைத் தொலைத்த மனிதனின் அழுகை அது. ஆனால் அடுத்ததைப் பாருங்கள். இந்த மீனுக்கு முதுகின் முதற்செட்டை இல்லை. ஆகவே இது வேறு இனம் என்று நினைத்த சிமித், புதுப்பெயர் வைத்தார்: 'மலானியா அஞ்சுவானே'. விமானம் கொடுத்த பிரதமரின் பெயர் முன்னால், தீவின் பெயர் பின்னால். பிறகு பார்த்தால் செட்டை இல்லாதது பழைய காயத்தால். அதே இனம்தான். பெயர் தள்ளுபடியானது. கறுப்பு மனிதர்களை அவர்கள் பிறந்த மண்ணிலேயே பாஸ் இல்லாமல் நடக்கவிடாத ஒரு ஆட்சியின் தலைவருக்கு, ஒரு கறுப்பு மீனவரின் தூண்டிலில் வந்த மீனில் இடம் கிடைத்தது. அஹமதி அப்துல்லாவுக்குப் பரிசுப்பணம் கிடைத்தது. பெயரில் இடம் கிடைக்கவில்லை.

பிரான்ஸ் சும்மா இருக்குமா? தங்கள் ஆட்சிக்குட்பட்ட கடலில் பிடித்த மீனைத் தென்னாபிரிக்க இராணுவ விமானம் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது! கோபம் வந்தது. இனிமேல் கொமோரோஸ் சீலகாந்த் பிரெஞ்சு ஆய்வாளருக்கு மட்டும் என்று கதவை அடைத்தார்கள். தாங்களும் பரிசு அறிவித்தார்கள். 1953 செப்ரெம்பரில் அஞ்சுவானில் அடுத்த மீன் கிடைத்தது. அதற்குப் பிறகு வந்தவை பாரிஸ் நூதனசாலைக்குப் போயின. ஜாக் மில்லோ என்ற பேராசிரியரும் தோழர்களும் நரம்பு நரம்பாக அறுத்துப் பார்த்து 1958 தொடக்கம் 1978 வரை மூன்று பெரிய பாகங்களாக எழுதினார்கள். உண்மையிலேயே பெரிய வேலை. ஹன்ற் 1956இல் கடலிலேயே காணாமல் போனார். அவருடைய கப்பல் கொமோரோசுக்கும் மடகாஸ்கருக்கும் இடையில் இருக்கிற பாறைத்திட்டில் மோதியது.

தென்னாபிரிக்காவும் பிரான்சும் ஒரு மீனுக்கு அடிபட்டுக்கொண்டிருந்தபோது, அந்தத் தீவுக்காரர்களை ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை: உங்களுக்கு இந்த மீனை முன்பே தெரியுமா?

தெரியும். நன்றாகத் தெரியும். அதற்குப் பெயரே இருந்தது. 'கொம்பெஸா'.

பாரிசில் நான் குசினி வேலை செய்த இடமொன்றில், பெரிய கொமோரைச் சேர்ந்த ஒரு வயதானவர் என்னோடு கோப்பை கழுவினார். பிரான்சில் கொமோர்காரர் நிறையப்பேர், மார்செய் நகரத்தில் ஒரு பெரிய சமூகமே இருக்கிறது. ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது இந்தக் கதையை எடுத்தேன். மனிதர் சிரித்தார். "என்ரை தகப்பன் அதைப் பிடிச்சால் முகம் சுழிப்பார் தம்பி. எண்ணெய் எண்ணெயாய் இருக்கும், சாப்பிட்டால் வயிறு போகும். வெள்ளைக்காரர் வந்து காசு தாறன் எண்டாப் பிறகுதான் எல்லாரும் அதைத் தேடத் தொடங்கினவை." கொஞ்ச நேரம் பேசாமல் கோப்பையைத் தேய்த்துவிட்டு இன்னொன்று சொன்னார்: "அவையள் அதைக் கண்டுபிடிக்கேல்லை. அவையளுக்கு அதைக் காட்டினது நாங்கள்." (அவர் பேசியது பிரெஞ்சில். எனக்குக் கேட்டது எங்கள் ஊர் மொழியில்.)

நியாயத்தை இரண்டு பக்கமும் சொல்லவேண்டும். கொம்பெஸா எந்த ஆழத்தில் மாட்டும், எந்த இரவில் மாட்டும், தின்றால் என்ன செய்யும் என்பது மீனவருக்குத் தெரியும். அதன் கரடுமுரடான செதிலால் சைக்கிள் ரியூப்பைத் தேய்த்து ஒட்டுப் போடுவார்கள் என்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுக்குப் பழக்கமான மீன். ஆனால் அதற்குச் சொந்தக்காரர்கள் ஆறரைக் கோடி வருடத்துக்கு முந்திய கல்லில் இருக்கிறார்கள் என்பது மீனவருக்குத் தெரிய வழியில்லை. கல்லைப் படித்தவருக்கு, மீன் உயிரோடு இருப்பது தெரியாது. இரண்டு அறிவும் சேர்ந்த இடம் அந்த டொமோனிச் சந்தை. ஒன்றுக்கு "விஞ்ஞானம்" என்று பெயர், மற்றதற்கு "தற்செயல்" என்று பெயர். என் வழக்கு அந்தப் பெயர்வைப்போடுதான்.

இது பழைய காலத்துக் கதை, இப்போது மாறிவிட்டது என்று நினைக்கிறீர்களா? 1997 செப்ரெம்பரில் இந்தோனேசியாவின் மனாடோ சந்தையில், மார்க் ஏர்ட்மன் என்ற அமெரிக்க உயிரியலாளரும் மனைவியும் தேன்நிலவு நேரத்தில் ஒரு சீலகாந்த் தள்ளுவண்டியில் போவதைக் கண்டார்கள். கொமோரோசில் இருந்து கிட்டத்தட்ட பத்தாயிரம் கிலோமீற்றர் தள்ளி! மீனவர்களைக் கேட்டுத் திரிந்தார். அவர்களுக்கு அந்த மீன் தெரிந்திருந்தது. 'ராஜா லாவுத்', கடல் ராசா என்று பெயரும் சொன்னார்கள். 1998 ஜூலையில் சுறா வலையில் இன்னொன்று உயிரோடு வந்தது. ஏர்ட்மன் குழு ஆறுதலாக ஆராய்ந்துகொண்டிருக்க, 1999இல் வேறொரு பிரெஞ்சு, இந்தோனேசிய ஆய்வுக்குழு முந்திக்கொண்டு அதற்குப் பெயர் வைத்துப் பிரசுரித்துவிட்டது. விஞ்ஞானிகளுக்குள் பெரிய சண்டை. யார் முதலில் பெயர் வைத்தது என்று அடிபட்டார்கள். கடல் ராசா என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டிருந்த மீனவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி மீனின் பக்கத்தில் இருந்தும் கொஞ்சம் பார்ப்போம். பகலில் 150, 200 மீற்றர் ஆழத்துக் குகைகளுக்குள் கூட்டமாகக் கிடந்து, இரவில் இரை தேட வெளியே வருகிற பிராணி. ஜேர்மனியரான ஹான்ஸ் பிறிக்கே 1987இல் சிறிய நீர்மூழ்கியில் இறங்கித்தான் அதை அதன் இடத்தில் உயிரோடு முதன்முதலில் படம் பிடித்தார். முட்டை இடாது, குட்டி போடும். 2021இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் செதிலின் வளையங்களை எண்ணிப் பார்த்து, அது நூறு வருடம் வரை வாழும், பருவத்துக்கு வரவே நாற்பது வருடத்துக்கு மேல் எடுக்கும், குட்டியை ஐந்து வருடம் வயிற்றில் சுமக்கும் என்று கணக்குச் சொன்னார்கள். 2013இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்தபோது, நான்கு காலில் நடக்கிற எங்களுக்குக் கிட்டின உறவு இதைவிட நுரையீரல் மீன்தான் என்றும் தெரியவந்தது.

இந்தக் கணக்கின் அர்த்தம் என்ன? ஒரு கொம்பெஸா தூண்டிலில் மாட்டினால், அதன் இடத்தை நிரப்ப இன்னொன்று வளர்ந்து வர அரை நூற்றாண்டு வேண்டும். ஆழத்துக் குளிரில் இருந்து மேற்பரப்புச் சூட்டுக்கு வந்தால் அது பிழைக்காது. 2007 மே மாதம் மனாடோவில் ஒரு மீனவர் தூண்டிலில் பிடித்ததைக் கடலோரத் தடுப்புக்குள் விட்டுப் பார்த்தார்கள், 17 மணித்தியாலம் தாக்குப்பிடித்தது. அதையே அதிசயம் என்றார்கள். இன்றைக்கு அதன் வியாபாரம் சர்வதேச ஒப்பந்தத்தால் தடை. மீனவர் அதைத் தேடிப் போவதில்லை, எண்ணெய் மீனுக்குப் போட்ட தூண்டிலில்தான் அது மாட்டுகிறது. ஆகவே அந்த மீனின் ஆயுள் சட்டத்தில் இருப்பதைவிட அந்த மீனவருடைய அடுப்பில்தான் அதிகம் இருக்கிறது. கரைக்குக் கிட்ட வேறு வழியில் அவருக்குச் சோறு கிடைத்தால், ஆழத்துக்குத் தூண்டில் இறக்க மாட்டார்.

இங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கொமோரோஸ் 1975இல் சுதந்திரம் பெற்றது. மூன்று தீவுகள் போயின, மயோத் மட்டும் பிரான்சோடு நின்றது. 2011இல் அது பிரான்சின் ஒரு மாவட்டமாகவே ஆனது. 1995 தொடக்கம், மற்றத் தீவுக்காரர் மயோத்துக்குப் போக விசா வேண்டும். அதற்கு முன்னர் அண்ணன் தம்பி வீட்டுக்குப் போகிற மாதிரிப் போய்வந்த கடல். அஞ்சுவானுக்கும் மயோத்துக்கும் இடையில் 70 கிலோமீற்றர் மட்டில்தான். விசா கிடைக்காதவர்கள் 'குவாஸா' என்ற மீன்பிடிப் படகுகளில், பிள்ளை வயிற்றோடும் நோயோடும் இரவில் கடக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் செத்திருக்கிறார்கள். பலருடைய பெயர் எந்தப் பதிவிலும் இல்லை.

1952இல் அஹமதி அப்துல்லாவின் மீன் போனதும் அதே கடல்வழிதான். அஞ்சுவானில் இருந்து மயோத்துக்கு. அதற்கு உப்பும் போர்மலினும் பெட்டியும் கிடைத்தன. பிரதமர் விமானம் அனுப்பினார். ஒரு பேராசிரியர் அழுதார். இரண்டு அரசாங்கங்கள் அது எங்களுடையது என்று சண்டை பிடித்தன. அந்த மீனவருடைய பேரப்பிள்ளைகளின் வயதுள்ளவர்கள் இன்றைக்கு அதே தண்ணீரைக் கடக்கும்போது, எங்களுடையது என்று சொல்ல ஒரு அரசாங்கமும் இல்லை. "இனந்தெரியாத உடல்" என்று பேப்பரில் ஒரு வரி வருகிறது. நான் தொடக்கத்தில் கேட்ட கேள்வி இங்கேயும் பொருந்தும். யாருக்கு இனந்தெரியாதது? அஞ்சுவானில் ஒரு தாய்க்கு அந்த உடலின் பெயர் தெரியும்.

கடலைக் கடந்து வந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. விரல் ரேகை எடுத்து, இலக்கம் போட்டு, பிறந்த திகதியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் "அடையாளம் நிரூபிக்கப்படவில்லை" என்று எழுதித் தந்த கடிதம் உங்களில் பலரிடம் இருக்கும். உங்களுக்கு உங்கள் பெயர் தெரியும். பெயர் வைக்கிற இடத்தில் இருந்தவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

கொமோரோஸ்காரர் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறார்கள். தங்கள் உதைபந்தாட்ட அணிக்குச் சீலகாந்த் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். 2022 ஜனவரியில் ஆபிரிக்கக் கிண்ணத்துக்கு முதன்முதலில் வந்து, கானாவை 3க்கு 2 என்று அடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆட்டத்தில் விளையாடுவதற்குக் கோல் காப்பாளரே இல்லாமல், பின்வரிசைக்காரர் ஒருவரைக் கோலுக்குள் நிறுத்தி, கமரூனோடு 2க்கு 1 வரை நின்று பிடித்தார்கள். ஆழத்தில் இருந்து மேலே வந்தவர்கள்தானே!

கடைசியாக ஒன்று. எங்கள் ஊர்க் கடற்கரையில் மீனைப் பார்த்த உடனே பெயர் சொல்கிற கிழவர்கள் இருந்தார்கள். ஒரே மீனுக்குக் குஞ்சில் ஒரு பெயர், வளர்ந்தால் ஒரு பெயர். அறுக்குளா, ஓரா, கொய், விளை, சூடை என்று நான் சொல்லத் தொடங்கினால் ஐம்பதில் நின்றுவிடுவேன். அவர்கள் அதற்கு மேலே போவார்கள். அந்தப் பெயர்கள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை, ஏனென்றால் மீன் பிடிக்கிறவனுக்குத் தெரிந்தது அறிவென்று எங்கள் சமூகமும் கணக்கெடுக்கவில்லை. வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லித் தப்ப முடியாது. இப்போது இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு 'சோமோன்' தெரியும், 'தோன்' தெரியும். மற்றதெல்லாம் "மீன்".

உங்கள் வீட்டில் கடலோடு வாழ்ந்த ஒரு பெரியவர் இன்னும் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். தூண்டிலில் வந்த எல்லாவற்றின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். அவருக்கே பெயர் தெரியாத ஒன்று எப்போதாவது வந்திருந்தால் அதையும் எழுதுங்கள். கூடவே பிடித்தவருடைய பெயரையும் எழுத மறக்கவேண்டாம்.